நுஸ்காவின் வலி

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பெண்பிள்ளைகள் கொடுத்து வைத்த வீடு என்றால் அது சட்டத்தரணி இப்திகாரின் வீடுதான் என்று. அவரைத் திட்டுகிறவர்களும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டு. வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு, இப்திகாரின் தங்கை நுஸ்கா ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணி நின்றபோது, குமர்ப்பிள்ளையைப் படிப்பித்தது போதும் என்று குடும்பமே கூடித் தீர்ப்புச் சொன்னது. அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் இப்திகார் தனியாளாக நின்று அத்தனை பேரையும் வாயடைக்க வைத்தார். தானே கூட்டிக்கொண்டு போய்ப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டு வந்தார். அந்த நன்றி நுஸ்காவின் எலும்பில் ஊறிப்போயிருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் பாதிக் காரணம் அந்த நன்றிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நானாவின் பேர் கொழும்பு வரைக்கும் பரவியிருந்தது. முஸ்லிம் விவாகச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று கூட்டம் போட்டால் மேடையில் அவருக்கு ஒரு கதிரை கட்டாயம் இருக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே கட்டிக் கொடுக்கக் கூடாது, பெண்களும் கல்யாண வழக்குக் கேட்கும் காதி நீதிபதியாக வர வேண்டும், நிகாஹ்வில் மணப்பெண் தன் கையாலேயே ஒப்பம் வைக்க வேண்டும். இந்த மூன்றையும் அவர் தொண்டை கட்டும் வரை பேசினார். இப்போதைய வழக்கத்தில் பெண்ணுக்காகச் சம்மதம் சொல்லி ஒப்பம் வைப்பவர் அவளுடைய 'வலி'. வாப்பா இருந்தால் வாப்பா, இல்லாவிட்டால் கூடப்பிறந்த ஆண். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவள் பக்கத்து அறையில் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருக்க, அவள் வாழ்க்கையை இன்னொருத்தர் முடித்து வைப்பார்.

இதைப் பேசியதற்காக நானா பட்டது கொஞ்சநஞ்சமில்லை. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் பேர் சொல்லாமல் கிழித்தார்கள். காரின் கண்ணாடியை உடைத்தார்கள். நானாவின் மனைவி, மச்சியின் வீட்டார் நோன்புப் பெருநாளைக்குக்கூட வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மனிதர் மசியவில்லை. அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல நாக்கு வராது. ஆனால் அந்தப் பெயரால் நுஸ்காவுக்கு வந்த சம்பந்தங்களெல்லாம் வாசலோடு திரும்பிப் போயின. 'சட்டம் பேசுற வீட்டுல பொண் எடுத்தா நாளைக்கி நம்மளயும் கோட்டுக்கு ஏத்துவாங்க' என்று மாப்பிள்ளை வீட்டார் பேசிக்கொண்டது அவள் காதுக்கும் வந்தது. முப்பத்திரண்டு வயதாகியும் அவள் கட்டாமல் இருந்தாள். நானாவிடம் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அவள் கணக்கு டீச்சர். ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் பாடசாலைக்கு பஸ் கிடையாது. மெயின் ரோட்டில் இறங்கி, இரண்டு பக்கமும் ரப்பர் மரம் நிற்கும் ஏற்றத்தில் மூச்சு வாங்க நடக்க வேண்டும். மழை நாட்களில் ரப்பர் பால் ஏற்றும் லொறி டீச்சர்மாரைப் பார்த்தால் நிற்கும். லொறியை ஓட்டியவன் சுமன், அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். முதல் ஆறு மாதம் 'ஏறுங்க டீச்சர்', 'எறங்குங்க டீச்சர்' என்பதைத் தவிர அவன் வேறு பேசவில்லை. ஏழாம் மாதம், நுஸ்கா டீச்சர் லீவு போட்ட நாளில் லொறி ஏன் மூன்று தரம் மேலும் கீழும் போய் வந்தது என்று சக டீச்சர்மார் அவளிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

அவன் இஸ்லாத்துக்கு வந்தது அவளுக்காகத்தான். அதை அவன் மறைக்கவுமில்லை. ஆனால் வந்த பிறகு அவளைவிட அவனுக்குத்தான் தொழுகையில் பிடிப்பு அதிகமாகிவிட்டது. முஹ்ஸின் என்று பேர் வைத்தார்கள். அவன் அம்மா கருப்பாயி அந்தப் பேரைக் கேட்டதும், "என் வயித்துல நான் அப்புடி ஒருத்தனப் பெக்கலியே" என்று சொல்லி லயத்துக் காம்பிராவின் கதவைச் சாத்திக்கொண்டாள். லயத்தில் இடமில்லாமல் போனவனுக்குப் பள்ளிவாசலின் பின்பக்கத்து அறையைக் கொடுத்தார்கள். கடைத்தெருவில் எல்லோரும் ஸலாம் சொன்னார்கள். அவன் ஸலாம் சொல்லிவிட்டு அப்பால் போனதும் 'தோட்டத்துச் சுமன் போறான்' என்றார்கள்.

நுஸ்கா நானாவிடம் சொன்ன அன்று பயப்படவே இல்லை. வேறு எந்த வீடாக இருந்தாலும் பயந்திருப்பாள். இது இப்திகாரின் வீடு. நானா கேட்டார், தேத்தண்ணியைக் குடித்து முடித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெடியன் நல்லவன். நான் இல்லெண்டு செல்லல்ல," என்றார். "ஆனா கொஞ்சம் யோசி நுஸ்கா. நான் எனத்த பேசினாலும் அத ஒடைக்கிறத்துக்கு ஆள் காத்துக்கிட்டு ஈக்கி. இப்திகாரிட தங்கச்சி தோட்டத்துக்காரனோட போய்த்தாள் எண்டு ஒரு சொல் வந்தா போதும். பொம்புளக்கி உரிம குடுத்தா இப்பிடித்தான் முடியும் எண்டு பள்ளி மிம்பர்ல ஏறி நிண்டு செல்லுவாங்க. எத்தன பொம்புளயள்ட கண்ணீர் இதுல தொங்கிக்கிட்டு ஈக்கி தெரியுமா?"

"அவர் இப்ப முஸ்லிம் நானா."

"அது எனக்கு வெளங்குது. ஊருக்கு வெளங்காது. சட்டம் மாறட்டும். மாறினா ஒனக்கு நானும் தேவயில்ல, ஒன்ட கையாலயே ஒப்பம் வெச்சிக்கொள்ளலாம். அந்த நாள்ல மொத ஆளா நான் வந்து நிப்பேன்."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாகப் பேசுவது அவர் தொழில். தோட்டத்துக்காரன் என்ற சொல் அவர் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது என்பதை நுஸ்கா அன்றைக்குக் கவனித்தாள், கவனிக்காததுபோல் இருந்துவிட்டாள்.

முஹ்ஸினிடம் போய், வலி சம்மதிக்கவில்லை என்று சொன்னபோது அவன் முகம் மாறிவிட்டது. "எங்கங்க வலிக்குது? டாக்டர்கிட்ட போவமா?" என்றான். புதிதாக வந்தவன், அந்தச் சொல்லை அவன் அப்படித்தான் கேட்டிருந்தான். நுஸ்கா சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள். அவன் லொறிச் சாவியைக் கையில் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

காத்திருந்தார்கள். சட்டத்தைத் திருத்தக் குழு போட்டார்கள், குழு பிரிந்தது, வேறு குழு போட்டார்கள். ஆலிம்கள் ஒரு பக்கம், பெண்கள் அமைப்புகள் ஒரு பக்கம், நடுவில் எம்.பி.மார் காற்று அடிக்கும் பக்கம். அரசாங்கம் மாறும்போதெல்லாம் நானா, "இந்த முற நடந்துரும்" என்று நம்பிக்கையோடு சொன்னார். இரண்டு வருடம் போனது. இதற்கிடையில் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் பொறுமை போய்விட்டது. கல்யாணம் பேசி முடியாத ஒரு வாலிபனைப் பள்ளி அறையில் எத்தனை நாளைக்கு வைத்திருப்பது, டீச்சரோடு பேசுகிறான் என்று ஊரும் கதைக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் நிகாஹ்வை முடி, இல்லாவிட்டால் அறையைக் காலி பண்ணு என்று நிர்வாகத் தலைவர் முக்தார் அவனிடம் சொல்லிவிட்டார். அம்மா வீடும் இல்லை, பள்ளியும் இல்லையென்றால் அவன் ஊரைவிட்டே போக வேண்டியதுதான்.

பொதுச் சட்டத்தில் பதிய முடியுமா என்று விசாரித்தார்கள். அரசாங்கக் கச்சேரியின் பதிவுப் பகுதியில் இருந்த கிளார்க் நல்ல மனிதர். இரண்டு பேரும் முஸ்லிம் என்றால் இங்கே முடியாது என்று சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். ஒருத்தர் வேறு மதமாக இருந்தால் பதியலாமாம். வெளியே வந்து வெயிலில் நின்றபோது முஹ்ஸின் சொன்னான், "அப்ப நான் சுமனாவே இருந்திருந்தா இப்ப முடிஞ்சிருக்குங்க." குறையாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கு பிழைத்துப் போனதைச் சொல்வதுபோலச் சொன்னான். நுஸ்காவுக்கு நெஞ்சு வெந்து போனது.

அன்றைக்கே அவள் காதியிடம் போவதென்று முடிவு எடுத்தாள்.

காதி ஜுனைதீன் ஹாஜியார் நானாவின் பரம எதிரி. இந்தச் சட்டத்தில் ஓர் எழுத்தையும் தொடக் கூடாது, எல்லாப் பிரச்சினைக்கும் வழி அதற்குள்ளேயே இருக்கிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசியவர். அவரை நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் முன்னால் வந்து, புருஷன் அடித்த அடியைக் காட்டி அழுது, 'ஸபர் செய்யுங்க மகள், பொறுத்துக்கொள்ளுங்க' என்ற சொல்லோடு திரும்பிப் போன பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் வலி காரணமில்லாமல் மறுத்தால் காதி அனுமதி கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. நுஸ்காவுக்கு வேறு கதவு இல்லை.

சனிக்கிழமை காலை, மத்ரஸா மண்டபத்தில் விசாரணை. நானா கோட்டும் டையுமாக வந்தார். தங்கைக்குப் பக்கத்துக் கதிரையில்தான் உட்கார்ந்தார், வியர்க்கிறதா என்று கேட்டு மின்விசிறியைத் திருப்பி வைத்தார். முஹ்ஸின் வாசலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றான்.

"தம்பி இப்திகார்," என்று காதி தொடங்கினார். "தங்கச்சி வயசுக்கு வந்த பிள்ள. மாப்புள தொழுகையாளி. நீங்க ஏன் மறுக்கிறீங்க?"

நானா எழுந்தார். "குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் பொருத்தம் இல்ல ஹாஜியார். மாப்புள பொண்ணுக்குச் சமமா ஈக்கணும் எண்டு ஷரீஅத்லயே ஈக்கி."

ஜுனைதீன் ஹாஜியார் தாடியைத் தடவினார். சிரிப்பை அடக்குவது எல்லோருக்கும் தெரிந்தது. "அந்தக் கிதாபெல்லாம் காலத்துக்குப் பொருந்தாதுண்டு நீங்கதானே கொழும்புல பேசினீங்க?"

நானாவின் காது சிவந்தது. ஆனால் காரணத்தைத் திரும்பப் பெறவில்லை. காரணம் என்று ஒன்று வந்துவிட்டதால் காதியின் கையும் கட்டப்பட்டது. நுஸ்கா தலையைக் குனிந்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

அப்போதுதான் காதி அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "மகள், நீங்க எந்த மத்ஹப்?"

ஷரீஅத்தின் எந்தச் சட்டப்பிரிவைப் பின்பற்றுகிறவள் என்று ஏன் கேட்கிறார் என்பது அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைப்பவர்போலக் கேட்டார். "ஷாபிஈ மத்ஹப்ல வலி இல்லாம நிகாஹ் இல்ல. ஹனபி மத்ஹப்ல வயசுக்கு வந்த பொண்ணு தானே முடிச்சிக்கொள்ளலாம். நம்மட சட்டமும் அத ஏத்துக்கொள்ளுது. ஒங்கட வாய்ச்சொல்லே எனக்குப் போதும். நீங்க எந்த மத்ஹப்?"

இந்த நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபிஈகள். ஷாபிஈகள் அதிகாலை ஸுபஹுத் தொழுகையில் கையேந்திக் குனூத் என்ற பிரார்த்தனையை ஓதுவார்கள், நண்டும் தின்பார்கள். ஹனபிகளுக்கு இரண்டும் இல்லை. நுஸ்கா சின்ன வயதிலிருந்து இரண்டையும் ஒருநாளும் தவறவிட்டதில்லை. கேள்வி கேட்டவருக்கும் அது தெரியும். கிழவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வா என்று கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு இரக்கப்பட்டாரா, தன் சட்டத்துக்குள்ளேயே வழி இருக்கிறது என்று இப்திகாருக்குக் காட்ட நினைத்தாரா, யாருக்குத் தெரியும். இரண்டும் இருந்திருக்கலாம்.

வாசலில் முஹ்ஸினின் நிழல் தரையில் விழுந்திருந்தது. நுஸ்கா மனதுக்குள் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டாள். "ஹனபி," என்றாள்.

"ஸுபஹுல குனூத் ஓதுவீங்களா?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்." காதி பேனாவை எடுத்தார். ஒரு முறைக்காக, வெறும் முறைக்காக, நானாவின் பக்கம் திரும்பினார். "சரிதானே தம்பி?"

நாடு முழுக்க மேடை போட்டு, பெண்ணின் சொல்லே போதும் என்று பேசிய மனிதர் அவர். இங்கே அவர் எதையும் பேசத் தேவையிருக்கவில்லை. தலையைக்கூட ஆட்டத் தேவையில்லை. சும்மா இருந்திருந்தால் போதும்.

"இல்ல ஹாஜியார்," என்றார் நானா. "எங்கட வாப்பா ஷாபிஈ, நாங்க எல்லாரும் ஷாபிஈ. இவக்கி குனூத் ஓதப் படிச்சிக் குடுத்ததே நான்தான். பொய்ச் சொல்லுக்கு என்னால தலயாட்ட ஏலா." அதோடு நிறுத்தவில்லை. குரல் மேடைக்குரலாக ஏறியது. "பாருங்க. ஒரு படிச்ச பொம்புள, ஒரு டீச்சர், தன்ட கல்யாணத்த முடிக்க அல்லாஹ்ட பேரால பொய் செல்ல வேண்டி ஈக்கி. இப்பிடிப் பின்கதவால போற உரிம எங்களுக்குத் தேவயில்ல. அவ முன்வாசலால போகணும். அதுக்குத்தான் இந்தச் சட்டம் மாறணும் எண்டு நாங்க செல்றோம்!"

ஜுனைதீன் ஹாஜியார் பேனாவை மூடினார். "சட்டம் மாறுற வரைக்கும் இந்தப் பிள்ள எனத்த செய்யும் தம்பி?" என்று கேட்டார்.

நானா உட்கார்ந்துவிட்டார். தான் சரியானதைச் செய்துவிட்டதாக அவர் முகத்தில் எழுதியிருந்தது. அதுதான் நுஸ்காவைக் கொன்றது. வஞ்சகமாகச் செய்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பாள்.

பொய் சொல்லிப் பிடிபட்ட பெண்ணின் வார்த்தையை இனி எந்தக் காதியும் எடுக்க மாட்டார். வழக்கு அங்கேயே முடிந்தது. வெளியே வந்தபோது முஹ்ஸின் அவளுடைய செருப்பைத் திருப்பி, அவள் போட வசதியாக வைத்திருந்தான். உள்ளே நடந்ததெல்லாம் அவனுக்கும் கேட்டிருந்தது.

"ஒரு வார்த்தைதானுங்க," என்றான். "அவரு சும்மா இருந்திருந்தா போதுமேங்க."

பெருநாளைக்கு முந்திய நாள் அவன் அறையைக் காலி பண்ணினான். எம்பிலிப்பிட்டியவில் வாழைக்குலை ஏற்றும் லொறி ஒன்றில் வேலை கிடைத்தது. போகும்முன் ஒரு தரம் லயத்துக்குப் போய் அம்மாவின் கதவைத் தட்டினான். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. என்னோடு வந்துவிடுங்கள் என்று நுஸ்காவிடம் அவன் கேட்கவில்லை. நிகாஹ் இல்லாமல் கூட்டிக்கொண்டு போவது ஹராம் என்று அவன் உண்மையாகவே நம்பினான். அவனை அப்படி நம்ப வைத்தவர்கள்தான் அவனுக்கு நிகாஹ் இல்லையென்றும் சொன்னார்கள். முதலில் தினமும் ஃபோன் எடுத்துப் பேசினான், பிறகு வெள்ளிக்கிழமைகளில். ஒரு நாள் அவள் அவனை அழைத்தபோது வேறு யாரோ சிங்களத்தில் பதில் சொன்னார்கள். அந்த நம்பர் இப்போது அவனுடையது இல்லையாம்.

தோட்டத்துப் பாதையில் இப்போது வேறொருவன் லொறி ஓட்டுகிறான். அவன் யாருக்காகவும் நிற்பதில்லை. நுஸ்கா மழையில் நடந்தே போகிறாள்.

தை மாதத்தில் ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் கிருஷ்ணகுமாரி டீச்சர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். போன வருடம்தான் இந்தப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தவள், பழைய கதை எதுவும் அறியாதவள். "டீச்சர், ஒங்க அண்ணன் பேசினது எல்லா எடத்துலயும் ஓடுதுங்க. நான் அழுதுட்டேன்," என்றாள்.

கொழும்பில் பெரிய மண்டபம். நானா மைக்குக்கு முன்னால் நின்றார். "எங்கள் சப்ரகமுவ மாகாணத்தில் ஒரு சகோதரி இருக்கிறாள்," என்று தொடங்கினார். பெயரைச் சொல்லவில்லை. படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவள். தான் விரும்பிய ஒரு நல்ல மனிதனைக் கரம்பிடிக்க, தான் பின்பற்றாத ஒரு மத்ஹபைத் தன்னுடையது என்று காதியின் முன்னால் பொய் சொல்லி நின்றாள். ஏன்? அவளுடைய வலி ஒப்பம் வைக்க மறுத்தார். அந்த மனிதன் இன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சகோதரி இன்றும் தனியாக மழையில் நடந்து பாடசாலைக்குப் போகிறாள். இந்த இடத்தில் நானாவின் குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பொய்க் கண்ணீர் இல்லை, நுஸ்காவுக்கு அவரைத் தெரியும். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது.

"அந்தப் பொண்ணு பாவங்க," என்றாள் கிருஷ்ணகுமாரி. "மறுத்தவன் மனுசனா? அவனும் ஒரு தாய் வயித்துலதான பொறந்திருப்பான்?"

நுஸ்கா ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனாள். அன்றைக்குப் பின்னங்கள் நடத்த வேண்டியிருந்தது, நடத்தினாள்.

வெள்ளிக்கிழமை நானா கொழும்பிலிருந்து வந்தார். முகம் பூரித்திருந்தது. அமைச்சில் இருந்து பேசினார்களாம், புதுக் குழுவில் அவருடைய பேரும் வரப்போகிறதாம். மச்சி சோறு போட்டாள். நுஸ்கா எதிரே இருந்து சாப்பிட்டாள். நானா சோற்றைப் பிசைந்தபடி தங்கையைப் பார்த்தார்.

"வீடியோவப் பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டார். "ஒன்ட மனசு நோகக் கூடாதுண்டு நான் மிச்சம் கவனமா ஈந்தேன். ஒன்ட பேர ஒரு எடத்துலயும் செல்லல்ல."

நுஸ்கா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"வலிட பேரயும் நீங்க செல்லல்லயே நானா," என்றாள்.

மச்சியின் அகப்பை சட்டியில் முட்டி நின்றது. நானாவின் கை சோற்றுக்குள் அப்படியே இருந்தது. அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. கொழும்பு நம்பர். இடது கையால் எடுத்தார். "வஅலைக்கும் ஸலாம்... ஓ, ஓ, ஜஸாக்கல்லாஹ். பாவம் அந்தப் பிள்ள, என்ன செய்ய..." என்று பேசிக்கொண்டே எழுந்து வெளியே போனார். நுஸ்கா அவருடைய பிளேட்டை ஈ மொய்க்காமல் மூடி வைத்துவிட்டுத் தன் சோற்றைத் தின்று முடித்தாள்.